ரிலையன்ஸுக்குள் ஜியோ இருந்ததா?

2023 ஜூலை 19 அன்று தேசியப் பங்குச் சந்தையில் 2,841.85 ரூபாயில் முடிந்த ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் பங்கு, மறுநாள் காலைச் சிறப்பு முன்வர்த்தகத்தில் 2,580 ரூபாய்க்கு வந்து நின்றது. விலையை மட்டும் பார்க்கும் கணக்கு மென்பொருளுக்கு அது பங்குக்கு 261.85 ரூபாய் நஷ்டம். உண்மையில் நஷ்டமே இல்லை. நிதிச் சேவைத் தொழில் தனி நிறுவனமாகப் பிரிந்திருந்தது. ஒரு ரிலையன்ஸ் பங்குக்கு ஒரு ஜியோ ஃபைனான்ஷியல் பங்கு. அது சந்தையில் பட்டியலானது ஆகஸ்ட் 21 அன்றுதான்.

அந்தப் பங்கைக் கணக்கில் எப்படி ஏற்றுவது? இலவசமாக வந்தது, அடக்கவிலை 0 என்று எழுதிவிடலாம். எழுதினால், இல்லாத ஒன்று அன்று புதிதாகத் தோன்றியது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

காரியம் காரணத்துக்குள் முன்பே இருந்ததா என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு. மண்ணில் குடம் இல்லை, அது புதிதாகவே உண்டாகிறது என்பது நியாய, வைசேடிகர் கட்சி. சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் சற்காரியவாதிகள்: குடம் மண்ணுக்குள் சூக்குமமாக இருந்தது, பிறகு வெளிப்பட்டது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இதில் சற்காரியவாதிகளோடு நின்றது. பழைய அடக்கவிலையையே இரண்டாகப் பிரிக்கச் சொன்னது. ரிலையன்ஸ் அறிவித்த விகிதம் 95.32, 4.68 சதவீதம். 2,000 ரூபாய்க்கு வாங்கிய பங்கென்றால் ரிலையன்ஸுக்கு 1,906.40, ஜியோவுக்கு 93.60. குனூகேஷ் போன்ற மென்பொருளில் ரிலையன்ஸ் பங்கின் எண்ணிக்கையைத் தொடாமல் அடக்கத்தொகையை மட்டும் குறைத்து, அதே தொகையில் ஜியோவை ஏற்ற வேண்டும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

சரி, உள்ளே இருந்தது எவ்வளவு? இங்கேதான் சிக்கல். சந்தை கழித்துப் பார்த்த 261.85 ரூபாய், பழைய விலையில் சுமார் 9.2 சதவீதம். சட்டமோ பிரிந்துபோன சொத்துகளின் நிகரப் புத்தக மதிப்பைத் தாய் நிறுவனத்தின் நிகர மதிப்போடு ஒப்பிட்டு 4.68 என்றது. ஒரே பொருளுக்கு இரண்டு அளவுகள். ஆனால் இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. சந்தை, இனி வரப்போவதற்கு விலை வைக்கிறது. அடக்கவிலை, கொடுத்து முடிந்த பணத்தைப் பற்றியது. முடிந்துபோன ஒன்றை இன்றைய எதிர்பார்ப்பால் பங்கிடுவது நியாயமாகாது. அந்த அளவில் சட்டம் பிடித்த கோல் சரியானது.

விலையோடு காலமும் கூடவே வருகிறது. 2019இல் ரிலையன்ஸ் வாங்கியவர், அதன்வழி வந்த ஜியோ பங்கைப் பட்டியலான அன்றே விற்றிருந்தாலும் அது நீண்டகால மூலதன ஆதாயம்தான். வைத்திருந்த காலம் 2019இலிருந்தே எண்ணப்படுகிறது. அதே ஆகஸ்ட் 21 அன்று சந்தையில் ஜியோ வாங்கி ஒரு மாதத்தில் விற்றவருக்கோ குறுகியகாலக் கணக்கு. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே உரிமை. ஆனாலும் மென்பொருளில் இரண்டையும் தனித்தனி வரியாகத்தான் எழுத வேண்டும், ஒன்றுக்கு 2019, மற்றதற்கு 2023 என்று தேதியிட்டு.