பதிவேடு யாருக்குச் சாட்சி?

ஒரு சம்பவத்தைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பை யாரேனும் காட்டினால், அதை எழுதியவன் யார், எவன் பக்கத்தவன் என்று கேட்பது நமது வழக்கம். எழுதியது ஒரு பொறி என்று அறிந்த மாத்திரத்தில் அந்தக் கேள்வி நம் நாவிலேயே அடங்கிவிடுகின்றது. பொறிக்குப் பசியில்லை, பகையில்லை. ஆதலால் அது பொய்யுரைக்காது என்று எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணத்தின் விலை என்ன என்பதை இங்கிலாந்தின் தபாற்கந்தோர்களிலே நிகழ்ந்த ஒரு கொடுமை காட்டுகின்றது.

1999ஆம் ஆண்டு முதல் அங்கே ‘ஹொரைசன்’ என்னும் கணினிக் கணக்குமுறை புகுத்தப்பட்டது. இன்றைய மென்பொருள் ஒற்றைக் கல்லிற் செதுக்கிய சிலை அன்று. தனித்தனிக் கூறுகளைப் பொருத்திக் கட்டிய வீடு. கவுண்டரிற் கணக்கை வாங்குவது ஒரு கூறு. அதைச் சேமிப்பது ஒரு கூறு. மற்றக் கவுண்டர்களுக்கும் தலைமை நிலையத்துக்கும் பிரதிசெய்து அனுப்புவது வேறொரு கூறு. ஒவ்வொன்றும் தனக்கு நேர்ந்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளும். ஒரு கொடுக்கல்வாங்கலுக்கு என்ன நேர்ந்தது என்று அறிய வேண்டுமாயின், இத்தனை நாட்குறிப்புகளையும் நேரப்படி ஒன்றுசேர்த்து வாசித்தல் வேண்டும். ஒரு கூறு தன் பிழையை எழுதாமல் விழுங்கிவிட்டால், அடுத்த கூறு தவறான தொகையை மெய்யென்றே ஏற்று, மிகுந்த நேர்மையோடு பதிந்து வைக்கும்!

ஸ்கொத்லாந்தின் போல்கேர்க் நகரிலே, கலண்டர் சதுக்கத் தபாற்கந்தோரில் நடந்தது இத்தகையதே. ஒரு கவுண்டரில் ஏற்கப்பட்ட மாற்றம் மற்றக் கவுண்டருக்குப் பிரதியாகிச் செல்லவில்லை. அங்கே அது இன்னும் ஏற்கப்படாததுபோலத் தோன்றியமையால், மீண்டும் ஏற்கப்பட்டது; கணக்கிலே துண்டு விழுந்தது. பிரதிசெய்யும் பகுதி தடைப்பட்டமைக்கான நிகழ்வுக் குறிப்புகள் பொறியினுள் இருந்தன. அவற்றை வாசிக்கக்கூடியவர்கள் புஜிட்சு நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர். கவுண்டரில் நின்ற உபதபாலதிபருக்குத் தெரிந்ததெல்லாம் காசு குறைகின்றது என்பது மட்டுமே. ஒப்பந்தமோ குறைந்த காசை அவரே கட்டவேண்டும் என்று அவர்மீது சுமத்தப்பட்டது.

பிரிட்லிங்டன் என்ற கரையோர ஊரில் லீ காசில்டன் என்பவர் உதவித் தொலைபேசியை 91 தடவை அழைத்தார். ஏறத்தாழ 25,000 பவுண் துண்டுக்காக அவர்மீது வழக்கிடப்பட்டது. சட்டத்தரணி வைக்க வசதியற்றுத் தாமே வாதாடித் தோற்றார், 2007இல் எதிர்த்தரப்பின் செலவாக 3 இலட்சத்து 21 ஆயிரம் பவுண் அவர் தலையில் விழுந்தது, வங்குரோத்தானார். 1999க்கும் 2015க்கும் இடையில் இத்தகைய கணக்குகளை ஆதாரமாகக் கொண்டு 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பான்மையோர்மீது வழக்குத் தொடுத்தது தபாற் கம்பனியேதான். பொறியின் உடைமையாளன், நட்டமடைந்தவன், விசாரணையாளன், வழக்காளி எல்லாம் ஒருவனே! இதனை நீதிமுறை என்று பெயரிட்டழைக்க அந்நாட்டிற் பலருக்கும் நெடுங்காலம் கூச்சம் இருக்கவில்லை.

சட்டமும் அவர்களுக்கே துணைநின்றது. கணினி ஒழுங்காக இயங்கியது என்பதைச் சாட்சியம் கொண்டுவருவோனே காட்டவேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்திருந்தது. 1999இல் நிறைவேறிய வேறொரு சட்டம் அவ்விதியை நீக்கிவிட்டது. அதன்பின் பொறி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். மறுப்பவன் மாற்றுச் சான்று காட்டவேண்டும். அந்தச் சான்று எங்கே இருக்கின்றது? பொறியின் நாட்குறிப்பிலே. நாட்குறிப்பு யார் கையில்? குற்றஞ்சாட்டுபவன் கையில். இந்த வட்டத்துக்குள்ளே அகப்பட்ட ஏழைக்கு வெளியேற வழி ஏது?

எல்லாவற்றையும் பதிவுசெய்தால் தீர்ந்தது என்று சில நண்பர்கள் கூறுவர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கணக்கற்ற குறிப்புகளைக் கொட்டிவைத்தால் வேண்டிய ஒன்று வைக்கோற்போரில் விழுந்த ஊசியாகும். அன்றியும், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் எழுதும் ஏடு அவனுக்குக் காவலாகவும் அமையலாம், விலங்காகவும் அமையலாம். எதைப் பதிவது, எதை விடுவது என்று நிரலாளன் தீர்மானிக்கும்போது, பின்னாளில் எவன் பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கும், எவன் பேச்சு வெறும் பேச்சாகப் போகும் என்பதையும் அவன் தீர்மானித்துவிடுகிறான். தான் செய்வது வெறும் தொழில்நுட்ப வேலை என்றே அவன் பெரும்பாலும் நம்புகிறான். அவனைக் குறைகூறுவதிலும் எனக்கு மனமில்லை. அவனும் கூலிக்கு உழைப்பவனே. எனினும் பொறுப்பு அவனைவிட்டு முற்றாக நீங்குவதில்லை.

2019 டிசெம்பரில் நீதியரசர் பிரேசர் ஹொரைசனின் பிழைகளை விரிவாக எடுத்துக்காட்டித் தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் குற்றத்தீர்ப்புகளை நீக்கியது. 2024 மே மாதத்தில் பாராளுமன்றமே சட்டமியற்றி எஞ்சியோரிற் பெரும்பாலோரின் தீர்ப்புகளையும் அழித்தது.

அந்த 2019 வழக்கிலே வெளிப்பட்ட ஒரு செய்தி என் மனத்தைவிட்டு அகல மறுக்கின்றது. புஜிட்சுவின் சிறப்பு அனுமதி பெற்ற ஊழியர் தூரத்திலிருந்தபடியே ஒரு கந்தோரின் கணக்கினுள் புகுந்து, உபதபாலதிபர் அறியாமல் பதிவுகளைச் சேர்க்க முடிந்தது. இது இயலாத காரியம் என்று தபாற் கம்பனி பல ஆண்டுகளாகச் சாதித்துவந்தது. கவுண்டரில் நின்றவரின் விற்பனை ஒவ்வொன்றும் ஏட்டில் ஏறியது. மேலிருந்து புகுந்தவரைப் பற்றியோ, 2009 ஒக்டோபர் தொடக்கம் 2015 ஜூலை வரை உள்ளே வந்ததும் வெளியே போனதும் மட்டுமே பதியப்பட்டன. இடையில் அவர் செய்தது என்ன என்று எழுதிவைக்க எந்தக் கூறுக்கும் கட்டளை இருக்கவில்லை.