கேட்கத் தெரிந்தவர்

ஆங்கிலத்தைப் பல ஆண்டுகள் பள்ளியில் பயின்றவர்களுள் பலர், பிறர் வினவினால் ஓரளவு விடை கூறிவிடுகின்றனர். தாமே ஒன்றைக் கேட்க வேண்டிய வேளையில் தடுமாறுகின்றனர். வகுப்பறையில் வினவுபவர் ஆசிரியர், விடையளிப்பவர் மாணவர். பன்னிரண்டு ஆண்டுகள் விடையளிக்க மட்டுமே பழகிய நாவுக்குக் கேட்கும் திறன் எங்ஙனம் வரும்? வேற்று மாநிலத்தில், தம் மொழி அறியாத மருத்துவர் முன் அமரும்போது இக்குறையின் விலை தெரிகிறது. கேட்க இயலாதவர், சொன்னதை அப்படியே ஏற்றுத் திரும்ப வேண்டியவராகிறார்.

ஒவ்வொரு மொழியும் தனக்கே உரிய முறையில் வினாவை அமைக்கிறது. தமிழில் 'ஆ' என்னும் ஓரெழுத்து போதும். ஐயம் எந்தச் சொல்லில் உள்ளதோ அந்தச் சொல்லில் அது சேரும். 'முருகனா நேற்று வந்தான்?' என்பது வேறு. 'முருகன் நேற்றா வந்தான்?' என்பது வேறு. இந்தியில் வாக்கியம் மாறாது நிற்க, அதன் முன்னே 'க்யா' வந்து அமர்கிறது. ஆங்கிலத்திலோ சொற்களின் வரிசையே மாற வேண்டும். 'யூ ஆர் ரெடி' என்பது செய்தி. 'ஆர் யூ ரெடி?' என்பது வினா. 'யூ வென்ட்' என்பதை வினாவாக்க 'டிட்' என்னும் துணைவினை முன்னே வருகிறது. இறந்தகாலத்தை அதுவே தாங்கிக்கொள்வதால், 'வென்ட்' தன் மூலவடிவமாகிய 'கோ' என்பதற்குத் திரும்புகிறது: 'டிட் யூ கோ?' இதனை மறப்பதால்தான் கற்பவர் 'டிட் யூ வென்ட்?' என்கின்றனர்.

வரிசையை மாற்றாமல் குரலை மட்டும் உயர்த்திக் கேட்பதும் ஆங்கிலப் பேச்சில் உண்டு. தாம் முன்பே கருதியிருப்பதை உறுதி செய்துகொள்ளவே பெரும்பாலும் அவ்வாறு கேட்பர். மனிதரின் வினாக்கள் பலவும் இத்தகையவை அல்லவா? முடிவை உள்ளத்தில் வைத்துக்கொண்டு, பிறருடைய தலையசைப்பை மட்டுமே நாடுகின்றன அவை. தன் கருத்தைச் சற்று ஒதுக்கி வைப்பவனே உண்மையாகக் கேட்கிறான்.

நன்னூல் இதனை நுட்பமாக உணர்ந்து, வினாவை ஆறாகப் பகுத்தது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இப்பகுப்பு சொல்லின் வடிவைப் பற்றியதன்று. கேட்பவரின் நோக்கத்தைப் பற்றியது. 'இதன் பொருள் என்ன?' என்று ஆசிரியர் கேட்டால் அறிவினா. அதே சொற்களால் மாணவர் கேட்டால் அறியா வினா. ஒரே வாக்கியம் பிறரைச் சிறுமைப்படுத்தவும் பயன்படலாம். தன் அறியாமையைப் பணிவுடன் வெளியிடவும் பயன்படலாம். இலக்கணம் வடிவைத் திருத்தும். நோக்கத்தைத் திருத்த வேண்டியவர் கேட்பவரே.

ஆகவே, பிழையின்றி எழும் வினாவெல்லாம் உயர்ந்ததன்று. பிழையுடன் எழும் வினாவெல்லாம் தாழ்ந்ததுமன்று. நடுவயதில் ஆங்கிலம் கற்கத் தொடங்கிய ஒருவர் தட்டுத்தடுமாறி ஒன்றைக் கேட்கிறார். அவர் அறியாமையை மறைக்கவில்லை. அதைக் கடக்கவே வாய் திறக்கிறார். அவ்வேளையில் அருகிருப்போர் நகைத்தால், சிதைவது ஒரு வாக்கியம் மட்டுமன்று. மீண்டும் கேட்கும் துணிவும் சிதைகிறது. பிழையைப் பின்னர்த் தனியே எடுத்துரைக்கலாம். முதலில் விடையளிப்பதே அறம்.

கற்பவரும் அஞ்ச வேண்டியதில்லை. இன்றைய முறை ஆங்கிலேயரிடமே ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. ஷேக்ஸ்பியர் (1564–1616) வாழ்ந்த காலத்தில் 'டூ' சேர்த்தும் சேர்க்காமலும் வினாக்கள் வழங்கின. பின்னரே இன்றைய வழக்கம் நிலைபெற்றது. நாள்தோறும் பத்துச் செய்திகளை வினாவாக மாற்றிப் பழகினால் நாவும் பழகும்.

தமிழில் 'கேள்' என்னும் சொல்லுக்கு வினவுதல், செவிமடுத்தல் என இரு பொருள்களும் உண்டு. திருக்குறளில் 'கேள்வி' என்னும் 42ஆம் அதிகாரம் செவிமடுத்தலையே போற்றுகிறது. எம்மொழியில் கேட்டாலும், கேட்டபின் அமைதியாக விடைக்குச் செவிசாய்ப்போம். அப்போதுதான் வினா நிறைவுபெறும்.