விரித்த படுக்கை

மத்தியதரைக் கடல் பயணத்தில், கப்பல் மால்டாவின் வாலெட்டா துறைமுகத்தில் நின்ற அன்று நான் இறங்கவில்லை. பயணிகள் ஊர் பார்க்கப் போய்விட, கப்பல் ஓய்ந்து கிடந்தது. எதிரே தேன்நிறச் சுண்ணாம்புக்கல் கோட்டைச் சுவர்கள். நண்பகலில் கரையில் பீரங்கி முழங்கியது. முப்பது வருடச் சமையலுக்குப் பிறகு, யாருக்கும் எதுவும் செய்ய வேண்டாத ஒரு பகல்.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு உதவுவதாக எண்ணி, படுக்கையை நானே விரித்து வைத்திருந்தேன். அவர் சிரித்தார். பிறகு அதைக் கலைத்து, கப்பல் விதிப்படி மறுபடி விரித்தார். என் நல்லெண்ணம் அவருக்கு இரட்டை வேலையாயிற்று. நான் ஆற்றிக்கொண்டது என் குற்றவுணர்வை மட்டுமே.

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்று ஓர் அளவு வைக்கிறது. ஒரு நாளில் 14 மணி நேரம் வேலை வாங்கவும் அதில் இடமுண்டு. குறைவுதான். ஆனாலும் அது ஓர் எண். அதைக் காட்டிக் கேட்கலாம், கூட்டச் சொல்லிப் போராடலாம். என் அம்மாவின் அடுக்களைக்கு அப்படி எந்த எண்ணும் இருந்ததில்லை. வீட்டார் மனம் வைத்தால்தான் அவளுக்கு ஓய்வு.

கருணையால் கொடுப்பவர் மனம் லேசாகிறது. பெறுபவருக்கு வேண்டியது நேரம்.

ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவிடம், வாரத்தில் எந்த நாள் விடுப்பு வேண்டும் என்று கேட்டேன். எட்டு வருடத்தில் அதுதான் முதல் முறை. அவர் உடனே பதில் சொல்லவில்லை. "சம்பளம் பிடிப்பீங்களா?" என்று கேட்டார்.