கரடி முடித் தாயத்து

கரடியைப் பற்றித் தமிழில் நல்ல பேச்சு குறைவு. ஒருவன் பொய் சொன்னால், ‘கரடி விடுகிறான்’ என்கிறோம். வேண்டாத வேளையில் ஒருவர் வந்து நின்றால், ‘சிவபூஜையில் கரடி புகுந்தாற்போல’ என்கிறோம். அந்தப் பழமொழியில் வருவது விலங்கே அல்ல, கரடிகை என்ற தோற்கருவி என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. விளக்கம் வந்த பிறகும் பழி போகவில்லை. ஒட்டிக்கொண்ட பெயரை உரித்தெடுப்பது அவ்வளவு சுலபமல்ல.

வெள்ளைக்காரர்களும் இதற்கு நியாயம் செய்துவிடவில்லை. 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய இயற்கை நூல் வல்லுநர், இதன் நீண்ட நகங்களையும் மேல்வாயில் முன்பற்கள் இரண்டு குறைவதையும் கண்டு, தென் அமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கும் ‘ஸ்லாத்’ என்ற மந்தப் பிராணியோடு இதைச் சேர்த்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் பிழையைக் கண்டு திருத்தினார்கள். ஆனால் பெயர் நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் இன்றும் நம் கரடி, ‘ஸ்லாத் பேர்’தான். இரவெல்லாம் பாறைபோல் இறுகிய புற்றைத் தோண்டிப் பிழைக்கிற உழைப்பாளிக்குச் சோம்பேறிப் பட்டம்!

நம் பழந்தமிழர் இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருக்கிறார்கள். எண்கு, உளியம், குடாவடி என்றெல்லாம் அதற்குப் பெயர் வைத்தார்கள். குடாவடி என்றால் வளைந்த அடியை உடையது. பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்க அது நடந்து போவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். புற்றைக் கிண்டி இரை தேடுவதையும், உதிர்ந்த இருப்பைப் பூவைத் தின்ன வருவதையும் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அது என்ன கெடுதல் செய்கிறது என்பதைவிட, என்ன தின்று வாழ்கிறது என்பதே அவர்கள் கண்ணில் முதலில் பட்டிருக்கிறது.

எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் கரடி வெறும் கதைப் பொருளல்ல. சத்தியமங்கலத்தைத் தாண்டிப் பண்ணாரியில் கும்பிடு போட்டுவிட்டு, 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் திம்பம். அப்பால் ஆசனூர், தாளவாடி. இந்த மலைக்காடு 2013-இல் புலிகள் காப்பகமாயிற்று. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு. பெயர் புலிக்குக் கிடைத்தாலும், காட்டுக்குள் புளியும் தேனும் நெல்லியும் சேகரிக்கப் போகிற சோளகரும் ஊராளிகளும் அதிகம் எச்சரிக்கையாக இருப்பது யானையிடமும் கரடியிடமும்தான்.

கரடி மனிதனைத் தின்பதற்காக வேட்டையாடுவதில்லை. அதன் ஆகாரம் கறையான், எறும்பு, தேன், பழம். நகத்தால் புற்றைப் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, முன்பல் இல்லாத அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சி எடுக்கும். அப்போது மண் ஏறாதபடி நாசித் துவாரங்களை மூடிக்கொள்ளவும் அதற்கு முடியும். உறிஞ்சுகிற ஓசை நூறு கஜத்துக்கு அப்பாலும் கேட்கும். அதற்கு மோப்பம் கூர்மை, பார்வை மந்தம். தன் ஓசையில் தானே மூழ்கிக் கிடக்கும்போது மனிதன் பக்கத்தில் வந்துவிட்டதுகூட அதற்குத் தெரிவதில்லை. காற்றும் எதிர்த்திசையில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். திடீரென்று தலையைத் தூக்குகிறது. எதிரே ஓர் உருவம்! அடுத்த கணம் பாய்கிறது. முகத்தையும் தலையையும் கிழித்துவிட்டு, வந்த வேகத்திலேயே ஓடிப் போகிறது.

ஓட நினைத்தால் முதலிலேயே ஓடியிருக்கலாமே? அமெரிக்கக் கருங்கரடி அப்படித்தான் செய்கிறது. ஆபத்து என்றால் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிடும். நம் நாட்டுக் கரடிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மரத்தில் ஏறினால் சிறுத்தையும் ஏறும். ஓடினால் புலி முந்திக்கொள்ளும். முதுகில் குட்டி வேறு. குட்டிகளை முதுகில் சுமந்து திரிவது கரடி இனங்களில் இதன் தனி வழக்கம். இப்படி வாழ்ந்த பிராணிக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரே பாடம்தான் கிடைத்திருக்கிறது: பயந்தால், முந்திக்கொண்டு அடி.

இங்கேதான் என் கேள்வி பிறக்கிறது. பயத்தினால் அடித்தவன் குற்றவாளியா?

குற்றம் செயலில் இருக்கிறது என்றால் கரடி குற்றவாளிதான். எண்ணத்தில் இருக்கிறது என்றால், அது நிரபராதி. மனிதர்களுக்கென்று நாம் எழுதிக்கொண்ட சட்டம் பயத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று ஒருவன் அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்தால், தற்காப்புக்காக அடிக்கும் உரிமை அவனுக்கு உண்டு என்று 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் சொல்லிற்று. 2024-இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அந்த உரிமையை எடுத்துவிடவில்லை. நமக்கு நாமே வழங்கிக்கொண்ட சலுகையைக் காட்டில் இருக்கிற ஜீவனுக்கு மறுப்பது எப்படி?

ஆனால் இந்த வாதத்தை அடிபட்டவளின் முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். விறகுக்குப் போன இடத்தில் ஒரு கண்ணையும் பாதி முகத்தையும் பறிகொடுத்தவளிடம், ‘கரடி மேல் தப்பில்லை அம்மா, அது பயந்துவிட்டது’ என்றால், அவளுக்கு எப்படி இருக்கும்? கருணை என்ற பெயரில் செய்கிற இன்னொரு கொடுமையாக அல்லவா இருக்கும்!

நியாயம் என்றால் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது மட்டுந்தான் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதால் வருகிற சங்கடம் இது. குற்றவாளி இல்லாத இடத்திலும் கடன் உண்டு. கரடியைக் காப்பாற்ற வேண்டும் என்று 1972-இல் வனவிலங்குச் சட்டம் செய்தவர்கள் நாட்டு மக்கள் எல்லாரும். அந்தத் தர்மத்தின் விலையை மட்டும் காட்டோரத்து ஏழை ஒருத்தி தன் முகத்தால் கட்டுவது நியாயமாகாது. அவளுக்கு வைத்தியமும் நஷ்ட ஈடும் தருவது தானமல்ல, பாக்கியைத் தீர்ப்பது. கரடிக்குத் தண்டனை இல்லை என்பதும், அவளுக்கு நம்மிடம் கடன் உண்டு என்பதும் ஒன்றையொன்று அழித்துவிடுகிற உண்மைகள் அல்ல.

நாமும் பயந்தவர்கள்தாம். அதற்குச் சாட்சி அந்தத் தாயத்து. மூக்கில் கயிறு கோத்த கரடியோடு தெருவில் வருவான் கரடிக்காரன். குழந்தை இரவில் பயந்து அலறுகிறது என்றால், அதைக் கரடியின் முதுகில் ஒரு நிமிஷம் உட்காரவைத்து, இரண்டு முடி பிடுங்கி வாங்கி, தாயத்தில் அடைத்து இடுப்பிலோ கழுத்திலோ கட்டுவார்கள். பயம் போய்விடும் என்று நம்பிக்கை. அந்தக் கரடி எப்படித் தெருவுக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. குட்டியிலே தாயிடமிருந்து பிரித்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூக்கைத் துளைத்து, பல்லைத் தட்டி, அடிக்கு அஞ்சி ஆடக் கற்பித்த பிராணி அது. கரடிக்காரனும் வயிற்றுக்கு அஞ்சியவன். அவர்களுக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்தபின் 2009-இல்தான் நம் தேசத்தில் கரடியாட்டம் முடிவுக்கு வந்தது என்று அறிவித்தார்கள். சட்டம் வந்து 37 வருஷங்கள் கழித்து. பயந்தே வாழ்ந்த பிராணியின் முடியைப் பயம் தீர்க்கும் மருந்தென்று கட்டிக்கொண்டோம். அந்தத் தாயத்துக்குள் இருந்தது தைரியமல்ல. இன்னொரு ஜீவனின் பயந்தான்.

கரடிக்குச் சொன்ன சமாதானத்தை மனிதனுக்கும் சொல்லிவிடலாமா? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்குக் குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினரோடு வந்தார் ஒரு மூதாட்டி. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அந்த நாட்களில் ஊர் ஊராகப் பரவியிருந்தது. கூட்டம் கூடி அவரை அடித்துக் கொன்றது. அடித்தவர்களும் பயந்தவர்கள்தாம். தங்கள் குழந்தைகளுக்காகப் பயந்தார்கள். அதற்காக அவர்களை நிரபராதிகள் என்று சொல்ல என் மனம் இசையவில்லை.

ஏன்? கரடிக்குக் கிடைத்தது ஒரு கணம். கூட்டத்துக்கு நேரம் இருந்தது. ‘எங்கே வந்தீர்கள் அம்மா?’ என்று கேட்க நாக்கு இருந்தது. பதிலைக் கேட்கக் காது இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘நான் பயந்துபோயிருக்கிறேன்’ என்று தன்னைத் தானே அறிந்துகொள்ளும் சக்தி மனிதனுக்கு இருக்கிறது. கரடிக்கு அது இல்லை. பயப்படுவது குற்றமல்ல. பயத்தைப் பயம் என்று ஒப்புக்கொள்ளாமல், அதற்குக் கோபம் என்றும் வீரம் என்றும் ஊர் நியாயம் என்றும் வேஷம் கட்டிவிடுகிறோமே, அங்கேதான் குற்றம் ஆரம்பமாகிறது. வீட்டில் மனைவியை அதட்டுகிற கணவன், புதிதாக வந்தவனைக் கண்டு சீறுகிற அதிகாரி, பக்கத்துத் தெருக்காரனைச் சந்தேகிக்கிற பெரிய மனிதர் என்று இந்த வேஷத்தில் எத்தனை பேர்!

அதற்கு மாற்றும் நம்மிடம் உண்டு. காட்டுக்குள் போகிறவர்கள் உரக்கப் பேசிக்கொண்டு போவது கரடியை விரட்ட அல்ல. தாங்கள் வருவதை அதற்குத் தெரிவிக்க. திடுக்கிடாத கரடி பெரும்பாலும் விலகிப் போய்விடுகிறது. கொங்கு நாட்டுக் கிராமத்தில் இன்றும் ஒருவர் வீட்டுக்குப் போகிறவர், வாசலில் செருப்பை விடும்போதே, ‘ஏனுங்க, ஊட்ல இருக்கறீங்களா?’ என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் படியேறுகிறார். உள்ளே இருப்பவர் துணியைச் சரிசெய்துகொள்ளவும், மனத்தைச் சரிசெய்துகொள்ளவும் அரை நிமிஷம் கிடைக்கிறது. அடுத்தவனுடைய பயத்துக்கு நாம் செய்கிற மரியாதை அது. தாயத்தைவிட அதற்குச் செலவு குறைவு.