இரண்டு பக்கமும் கறுப்பு

பழைய கணினி விளையாட்டு ஒன்றைப் புதுக் கணினியில் முழுத்திரையில் ஓடவைப்பது எப்படி என்பது மேலோட்டமாகப் பார்த்தால் தொழில்நுட்பக் கேள்விதான். தேடினால் பத்து நிமிஷத்தில் வழி கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு இடத்தில் நாமே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்புவதா, இல்லை இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுவிட்டு நடுவில் மட்டும் காட்டுவதா? வழிகாட்டிகள் எல்லாம் இந்த இடத்தில் "உங்கள் விருப்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடும். இது வெறும் விருப்பம்தானா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

முதலில் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பெட்டி மானிட்டர்களின் காலத்தில் திரையின் அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூணு பங்கு. 640×480, 800×600, 1024×768 எல்லாமே அந்தக் கணக்குத்தான். அந்தக் காலத்து விளையாட்டு திறந்ததும் கணினியைப் பார்த்து, "திரையை என்கிட்ட குடு, 640×480க்கு மாத்து" என்று கேட்கும். மானிட்டரும் மாறிக்கொள்ளும். குழாய்த் திரைக்கு இன்ன புள்ளிக் கணக்குத்தான் என்ற பிடிவாதம் கிடையாது. இன்றைய தட்டைத் திரை அப்படியில்லை. அதில் புள்ளிகள் பிறவியிலேயே எண்ணி வைக்கப்பட்டவை. 2011இல் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த காலத்தில் மடிக்கணினிகளில் சாதாரணமாக இருந்த கணக்கு 1366×768. அதில் 640×480 படத்தை முழுக்க நிரப்பினால், உயரம் 1.6 மடங்கு ஆகும்போது அகலம் 2.13 மடங்கு ஆகிவிடும். அதாவது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். விகிதம் கெடாமல் காட்ட வேண்டுமென்றால் நடுவில் 1024×768 அளவுக்குப் படம், இந்தப் பக்கம் 171 புள்ளி, அந்தப் பக்கம் 171 புள்ளி வெறும் கறுப்பு.

அதோடு முடியவில்லை. இன்றைய விண்டோஸ் தன் திரையைப் பொதுவாக யாரிடமும் முழுசாகக் கொடுப்பதில்லை. எல்லா நிரல்களின் படத்தையும் வாங்கித் தானே சேர்த்துக் காட்டுகிறது. 256 நிறத்தை வைத்துக்கொண்டு பழைய டைரக்ட்டிரா மொழியில் பேசும் விளையாட்டுக்கு இங்கே பேச்சு புரியாது. சிலது கறுப்புத் திரையோடு நின்றுவிடும், சிலது நிறம் மாறி ஓடும், சிலது மூலையில் அஞ்சல்தலை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும், சிலது ஆல்ட்-டேப் அழுத்தியதும் செத்துவிடும். இதற்குத்தான் டிஜிவூடூ, சிஎன்சி-டிடிரா மாதிரி சின்ன நிரல்கள் இருக்கின்றன. விளையாட்டுக்கும் விண்டோசுக்கும் நடுவில் உட்கார்ந்து பழைய மொழியைப் புது மொழிக்கு மாற்றிச் சொல்லும். கும்பெனி காலத்து துபாஷி மாதிரி. பெரும்பாலும் ஒன்றிரண்டு கோப்புகளை விளையாட்டு இருக்கும் ஃபோல்டரில் போட்டால் போதும். எடுத்துவிட்டால் விளையாட்டு பழையபடி ஆகிவிடும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

இனி அந்தச் சந்தேகத்துக்கு வருகிறேன். இழுத்து நிரப்புகிறவரின் கட்சி லேசானது இல்லை. எங்கள் பக்கத்தில் ஃபிளாட் டிவி வாங்கிய எல்லா வீட்டிலும் இந்த வழக்கு நடந்திருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடும்போது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் பெரியவர்கள் ரிமோட்டை எடுத்துவிடுவார்கள். "காசு குடுத்து வாங்குன டிவி, பாதி கறுப்பா கெடந்தா எப்படி?" கதாநாயகியின் முகம் இட்லித்தட்டு மாதிரி அகன்றாலும் பரவாயில்லை, திரை நிரம்ப வேண்டும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பொருள் என்னுடையது, பார்க்கிற கண்ணும் என்னுடையது. செய்தவர் எப்படி நினைத்தார் என்பதற்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?

இந்தக் கேள்வியை என்னிடம் இன்னும் கூர்மையாகக் கேட்டது என் அக்கா மகன். அவன் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த மடிக்கணினியில் ஒரு பழைய பைக் ரேஸ் விளையாட்டு இருந்தது. பெயர் வேண்டாம், பிரவுசிங் சென்டர் வாசலை மிதித்த யாருக்கும் அது எதுவென்று தெரியும். திருவையாற்றில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன், சக்கரமெல்லாம் முட்டை வடிவத்தில் இருந்தது. கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனலைத் திறந்து விகிதம் மாறாமல் காட்டும்படி மாற்றிவிட்டேன். சக்கரம் வட்டமானது. எனக்குத் திருப்தி. அவனுக்கு இல்லை.

"என்ன மாமா பண்ணீங்க? பைக் எல்லாம் ஒல்லியாயிடுச்சு."

"இதுதான்டா சரியான அளவு. சக்கரத்தைப் பாரு, வட்டமா இருக்கா?"

"வட்டமாத்தான் இருக்கு. ஆனா இது அந்த கேம் இல்ல."

அவன் சொன்னதை அவ்வளவு சுலபத்தில் தள்ள முடியவில்லை. ஐந்து வயதிலிருந்து அவன் ஆடியது அகன்ற பைக்கைத்தான். அவன் தோற்றது, ஜெயித்தது, பக்கத்து வீட்டுப் பையனோடு சண்டை போட்டது எல்லாம் அதில்தான். எனக்குப் பிழையாகத் தெரிந்தது அவனுக்கு மூலம். நான் சரிசெய்தது யாருடைய விளையாட்டை? என் ஞாபகத்தில் இருப்பதைத் திருப்பிக் கொண்டுவர அவன் ஞாபகத்தில் இருப்பதைக் கலைத்திருக்கிறேன். பிழை ஒரு தலைமுறைக்குப் பழகிவிட்டால் அதற்கும் ஒரு உரிமை வந்துவிடுகிறதா?

"சக்கரம் வட்டம் என்பது உண்மை, அதற்கு ஞாபகம் தேவையில்லை" என்று ஒருவர் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மூலம் என்பது அவ்வளவு எளிதாகக் கையில் சிக்குவதில்லை. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் டாஸ் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அது 320×200 புள்ளிகளில் வரையப்பட்டது. அந்த எண்களை மதித்து, ஒரு புள்ளியும் கூட்டாமல் குறைக்காமல் இன்றைய திரையில் காட்டினால் இளவரசன் குள்ளமாகிவிடுவான். ஏனென்றால் அந்த 200 வரிகளும் பெட்டி மானிட்டரின் நாலுக்கு மூணு பரப்பு முழுக்க நீண்டு தெரிந்தன. ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உயரம். பழைய விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரலில் இதைச் சரிசெய்ய ஒரு வரி இருக்கிறது. அதை நாமாகத்தான் மாற்ற வேண்டும். ஆக, கோப்பில் உள்ள எண்ணுக்கு விசுவாசமாக இருந்தால் கண்ணுக்குத் தெரிந்ததற்குத் துரோகம் ஆகிறது. மூலம் கோப்பில் மட்டும் இல்லை. கோப்பு, கண்ணாடிக் குழாய், அதன் முன்னால் உட்கார்ந்தவர் எல்லாம் சேர்ந்துதான் அது.

அப்படியென்றால் மூலம் என்றே ஒன்று கிடையாது, எவரும் எப்படியும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆகிவிடுமா? இந்த இடத்தில்தான் எனக்குப் பெரிய கோயில் ஞாபகம் வரும்.

1010இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயிலில், கருவறையைச் சுற்றிய இருட்டுச் சுற்றுவழியின் சுவர்களில் சோழர் காலத்து ஓவியங்கள் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்து ஓவியர்கள் அதன் மேலேயே சுண்ணம் பூசித் தங்கள் படங்களை வரைந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது அருங்காட்சியகம் இல்லை, பூசை நடக்கிற கோயில். மங்கிய சுவரைப் புதுப்பித்தார்கள், அவ்வளவுதான். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறொரு ஓவியம் இருப்பதைக் கண்டார். வெள்ளை யானையில் கயிலைக்குப் போகும் சுந்தரர் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தார்.

இப்போது எது மூலம்? பழையதுதான் மூலம் என்றால் நாயக்கர் அடுக்கைச் சுரண்டி எறிய வேண்டும். முந்நூறு வருஷமாகச் சுவரில் இருந்ததுதான் என்றால் சுந்தரரை மறுபடி மூடிவிட வேண்டும். தொல்லியல் துறை வேறொரு வழி கண்டது. மேல் அடுக்கைச் சிதையாமல் உரித்தெடுத்து ஃபைபர்கிளாஸ் பலகைகளில் பதித்தார்கள். கீழே இருந்தது சுவரிலேயே தெரிந்தது. இரண்டும் பிழைத்தன. எனக்கு இதில் பிடித்தது இன்னொன்று. மேலே பூசியவர்கள் பழையதைக் கொத்தி எடுத்துவிட்டுப் பூசியிருந்தால் 1931இல் யாருக்கும் எதுவும் கிடைத்திருக்காது. மூடினார்கள், அழிக்கவில்லை. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அவர்கள் செய்த மாற்றம் திரும்பப் பெறக்கூடியதாக இருந்தது.

பழுதுபார்ப்பவனின் கடமையை நான் இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். பழையதைப் பழையபடியே நிறுத்துவது யாராலும் ஆகாது. நான் போட்ட அடுக்கை அடுத்து வருகிறவன் உரித்தெடுக்க முடிய வேண்டும், அதுதான் முக்கியம். ஃபோல்டரில் போட்டு எடுக்கிற துபாஷிக் கோப்பு நல்ல பழுதுபார்ப்பு. விளையாட்டின் மூல நிரலையே திறந்து உள்ளே எண்களை மாற்றி, பழைய பிரதியை வைத்துக்கொள்ளாமல் அதன் மேலேயே சேமித்தால், படம் எவ்வளவு அழகாக வந்தாலும் அது கெட்ட பழுதுபார்ப்பு.

இழுப்பது, பட்டை விடுவது தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டு. பார்வையையே அகலப்படுத்துவது. முப்பரிமாண விளையாட்டுகளில் கேமராவின் கோணத்தை விரித்துவிட்டால் சக்கரமும் வட்டமாக இருக்கும், திரையும் நிரம்பும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செய்தவர் சட்டத்துக்கு வெளியே ஒன்றும் வைத்திருக்க மாட்டார். கதைக்காட்சி நடக்கும்போது ஓரத்தில் தன் முறைக்காகக் காத்து மரம் மாதிரி நிற்கும் பாத்திரம் தெரிந்துவிடும். நாடக மேடையில் பக்கத்தட்டியை எடுத்துவிட்டால் வேஷத்தோடு டீ குடிக்கிறவர் தெரிவது போல. மேலிருந்து பார்க்கிற போர் விளையாட்டுகளில் இது நியாயப் பிரச்சினையாகவே ஆகிவிடும். 1999இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'இல் 800×600 வைத்து ஆடுகிறவரைவிட 1280×1024 வைத்து ஆடுகிறவருக்கு ஒரே பார்வையில் அதிக நிலம் தெரியும். எதிரி வருவதை யார் முதலில் பார்க்கிறார் என்பதே ஆட்டம் என்னும்போது, அகலத் திரை ஒரு ஆயுதம்.

அதே விளையாட்டு 2019இல் முழுக்கப் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 2022இல் அதற்கு வந்த சேர்க்கையில் திராவிடர் என்று ஒரு இனமும் ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் இருக்கின்றன. 1999 பிரதியில் பிரிட்டனுக்காகவும் ஜப்பானுக்காகவும் சண்டை போட்ட தஞ்சாவூர்ப் பையன் இப்போது ராஜேந்திரனுக்காகக் கப்பல் கட்டலாம். எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் அது புது விளையாட்டு. புதியது நன்றாக இருப்பதால் பழையதன் மேல் இருந்த பொறுப்பு தீர்ந்துவிடாது. விற்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பொறுப்பை எடுப்பதும் இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மிச்சம் இருப்பது யாரோ ஒருவருடைய பழைய சிடியில், ஹார்ட் டிஸ்கில்.

இதனால்தான் "உங்கள் விருப்பம்" என்ற பதில் போதாது. ஆடுகிறவன் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்ளலாம், காப்பாற்றுகிறவன் அப்படிச் செய்யக் கூடாது என்று பிரித்துச் சொல்வது எளிது. ஆனால் காப்பாற்ற வேறு ஆள் இல்லாத இடத்தில் ஆடுகிறவனே காவல்காரனும் ஆகிறான்.

டெல்டாவில் இந்த நிலைமை புதிதில்லை. புதிய ரகங்கள் வந்தபின் பாரம்பரிய நெல் வயலிலிருந்து மறைந்துகொண்டிருந்தபோது, 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் 174 ரகங்களைத் தேடி மீட்டார். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிற விவசாயி அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பூட்டி வைத்துக் காப்பாற்றுகிற முறை இல்லை இது. வீட்டில் சும்மா வைத்த நெல் ஒன்றிரண்டு வருஷத்தில் முளைப்பை இழக்க ஆரம்பித்துவிடும். விதைத்தால்தான் விதை உயிரோடு இருக்கும். விளையாட்டும் அப்படித்தான், ஓட்டிப் பார்க்காத சிடி வெறும் வட்டத் தகடு. ஆனால் விதைக்கிற நிலமோ பழைய நிலமாக இல்லை. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயரமாக வளரும் நெல்லுக்குப் புது ரகத்துக்குப் போடுகிற அளவு யூரியாவைப் போட்டால் பயிர் சாய்ந்துவிடும். நெல்லை நிலத்துக்கு ஏற்றபடி இழுக்க முடியாது. நிலத்தில் கொஞ்சம் இடத்தை நெல்லுக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் 171 புள்ளி கறுப்பும் அப்படி விட்டுக்கொடுத்த இடம்தான். இது வேறொரு ஜன்னலுக்காகச் செய்யப்பட்டது என்று பார்க்கிறவருக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

என் அக்கா மகனுக்கு நான் கடைசியில் சொன்ன பதிலும் வயலிலிருந்து வந்ததுதான். எந்த வீட்டிலும் விதைநெல் தனி, சாப்பாட்டு நெல் தனி. சாப்பாட்டு நெல்லை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அவிக்கலாம், அவல் இடிக்கலாம், விற்கலாம். விதைக்கென்று ஒதுக்கிய வயலில் மட்டும் குனிந்து நடந்து கலப்பைப் பிடுங்கி எறிவார்கள். ஆகவே ஃபோல்டரை இரண்டாகப் பிரதியெடுத்தோம். ஒன்றில் அவன் பைக் அகலமாகவே ஓடுகிறது, அது அவனுடையது, அதில் எனக்கு வேலையில்லை. இன்னொன்றைத் தொடுவதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து, சக்கரம் இன்னும் வட்டமாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.