சான் சீரோவை விற்றது சரியா?

2025 செப்டம்பர் 29-ஆம் தேதி கூடிய மிலான் மாநகர மன்றம் இரவு முழுவதும் வாதிட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 24, எதிர்ப்பு 20. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நிற்கும் சான் சீரோ கால்பந்து மைதானத்தையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும், அங்கே ஆடிவரும் ஏ.சி. மிலான், இன்டர் என்னும் இரு கிளப்புகளுக்கும் 19 கோடியே 70 லட்சம் யூரோவுக்கு விற்பது என்று முடிவாயிற்று. நவம்பர் 5-ஆம் தேதி பத்திரமும் எழுதியாகிவிட்டது. இன்னும் ஐந்து நாள் கழிந்திருந்தால், 1955-இல் எழுந்த இரண்டாம் அடுக்குக்கு எழுபது ஆண்டு நிறைந்திருக்கும். பொதுச் சொத்தாக உள்ள பழங்கட்டடங்களுக்கு இத்தாலியச் சட்டம் தரும் பாதுகாப்பு அதற்கும் வந்திருக்கும். பிறகு இடிப்பது எளிதாக இருந்திராது. அந்த நாளை முந்திக்கொள்ளத்தான் அத்தனை அவசரமும்.

இப்போது பக்கத்திலேயே 71,500 பேர் அமரும் புதிய மைதானம் எழப்போகிறது. அதன் பிறகு பழையதன் பெரும்பகுதியை இடித்துவிடுவார்கள். இந்த விற்பனை சட்டத்தின் முன் செல்லலாம். அறத்தின் முன் செல்லாது. பார்வையாளர்களின் உயிருக்கு ஆபத்து என்றால் ஒரு கிளப் தன் மைதானத்தை விட்டுப் போகலாம். இல்லையென்றால், அங்கே தலைமுறை தலைமுறையாக வந்து நின்றவர்கள் மனமொப்பித் தலையசைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் போவது தவறு.

சான் சீரோ யாருடைய முயற்சியால் வளர்ந்தது என்று பார்த்தால் இது விளங்கும். 1926-இல் ஏ.சி. மிலானின் தலைவராக இருந்த பியெரோ பிரெல்லி அதைக் கட்டினார். 1935-இல் மாநகராட்சி வாங்கியது. 1947-இல் இன்டரும் அங்கே குடிவந்தது. 1955-இல் மைதானத்தைச் சுற்றிச் சரிவுப் பாதைகள் சுழன்று ஏறின. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நடந்து மேலேறும் காட்சியைத் தெருவில் நின்றே பார்க்கலாம். 1990 உலகக் கோப்பைக்காக மூன்றாம் அடுக்கு, பதினொரு கான்கிரீட் கோபுரங்கள், சிவந்த இரும்புத் தூலங்கள். அந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் கேமரூன் நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினாவை வீழ்த்தியது இங்கேதான். 1980 முதல் மைதானத்துக்கு ஜூசெப்பே மெயாட்சாவின் பெயர். முதல் உலகப் போரில் தந்தையை இழந்து, மிலானின் தெருக்களில் பந்தாடி வளர்ந்தவர் அவர். இரு கிளப்புகளின் சட்டையையும் அணிந்தவர். தொண்ணூறு ஆண்டுகளாக அந்த மண் நகரத்தாரின் பொதுச் சொத்தாகவே இருந்தது. இரு எதிரணி ரசிகர்கள் ஒரே கூரையின் கீழ், ஒருவர் தெற்கு வளைவிலும் மற்றவர் வடக்கு வளைவிலும் நின்று பழகிய இடம் அது.

பழகியவர்களுக்குப் பழகியதாலேயே ஓர் உரிமை உண்டு என்பது தமிழறிவு தெளிவாகச் சொன்ன நெறி. வள்ளுவர் ‘பழைமை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். நெடுநாள் நட்புக் கொண்டவர் உரிமையோடு செய்வதைத் தடுக்காமல் ஏற்பதே சான்றோர் இயல்பு என்பது அதன் சாரம். அந்த உரிமைக்குப் பத்திரம் கிடையாது. வாங்கவோ விற்கவோ முடியாது. சீசன் டிக்கெட்டைத் தந்தையிடமிருந்து மகள் பெற்று, அதே வரிசையில் அதே இருக்கையில் அமர்ந்து, தோற்ற ஆண்டுகளிலும் வந்துகொண்டிருந்தாளே, அவளுக்கு அந்த மைதானத்தில் உள்ள உரிமை இப்படிப்பட்டது. செய்ந்நன்றி கொன்றவருக்கு உய்வே இல்லை என்று அதே வள்ளுவர் கடிந்து சொன்னதையும் இங்கே நினைக்க வேண்டும். கிளப் நலிந்திருந்த காலத்தில் வாசலில் வரிசையில் நின்றவர்கள் செய்தது நன்றிக்குரிய உதவி அல்லாமல் வேறென்ன?

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் எவர்ட்டன் கிளப்பின் பழைய மைதானமான குடிசன் பார்க்கில், ஆடுகளத்தின் ஓரமாக 800-க்கும் மேற்பட்ட ரசிகர்களின் அஸ்தி புதைக்கப்பட்டிருக்கிறது. இடம் போதாமல் 2004-இல் கிளப் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டி வழிபட்டவர்கள் நம் முன்னோர். கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது வரை நடுகல்லின் படிநிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வரிசைப்படுத்துகிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்தில் நடுகற்காதை என்று ஒரு காதையே உண்டு. இறந்தவரை ஏற்றுக்கொண்ட மண் வெறும் மனைநிலம் ஆகாது என்பது அந்த மரபு அறிந்த உண்மை. எவர்ட்டன் 2025 மே மாதம் புதிய துறைமுக மைதானத்துக்குப் போகும் முன், குடிசன் பார்க்கை இடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு அதைத் தன் மகளிர் அணியின் இல்லமாக்க முடிவு செய்தது. கிளம்புகிறவர்கள் செய்யக்கூடியவற்றுள் மேலானது அதுவே. மிலானில் அதற்குக்கூட இடமில்லை.

மறுபக்கமும் உண்டு. பழைய மைதானங்கள் சில உயிரைக் குடித்திருக்கின்றன. 1985-இல் பிராட்ஃபோர்டில் மரத்தாலான பார்வையாளர் மாடம் பற்றியெரிந்து 56 பேர் மாண்டார்கள். 1989-இல் ஹில்ஸ்பரோவில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தைக் காப்பாற்று என்று யாரும் கேட்கக் கூடாது. சான் சீரோவும் நவீன வசதிகளில் பின்தங்கியதுதான். 2027 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ அங்கிருந்து எடுத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் இந்த விற்பனையை நியாயப்படுத்தியவர்கள் முதலில் எடுத்துவைத்தது வருமானக் கணக்கை; உயிர்க்காப்பை அல்ல.

அந்த வருமானம் எங்கிருந்து வரும்? இப்போதைய மைதானத்தில் சுமார் 75,000 பேர் அமரலாம். புதியதில் இருக்கைகள் குறைகின்றன. குறைந்த இருக்கையில் கூடுதல் பணம் வேண்டுமென்றால், விருந்தும் கண்ணாடி அறையும் சேர்ந்த விலையுயர்ந்த இருக்கைகளைப் பெருக்க வேண்டும். மலிவான இடத்தில் நின்றவர் ஒதுங்க வேண்டும். இரு கிளப்புகளின் உரிமையும் இன்று அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது: மிலான் 2022 முதல் ரெட்பேர்டிடம், இன்டர் 2024 முதல் ஓக்ட்ரீயிடம். தேவைக்காகப் பொருள் ஈட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு, பணத்துக்காகவே பணம் ஈட்டுவதற்கு எல்லையே இல்லை என்று அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலின் முதற்பகுதியில் பிரித்துக் காட்டினார். முதலீட்டு நிறுவனம் ஒரு நாள் கிளப்பை விற்றுவிட்டுப் போய்விடும். மைதானம் இழந்தவர்கள் எங்கே போவார்கள்?

பணம் வந்தாலும் நிம்மதி வரும் என்பதற்கு உறுதி இல்லை. 112 ஆண்டு ஆடிய அப்டன் பார்க்கை விட்டு 2016-இல் லண்டன் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனது வெஸ்ட் ஹாம். ஆடுகளம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது என்ற குறை அன்று தொடங்கியது. 2018 மார்ச்சில் பர்ன்லியுடன் நடந்த ஆட்டத்தில் ரசிகர்கள் களத்துக்குள் இறங்கி, உரிமையாளர்களை நோக்கிக் கூச்சலிட்டார்கள்.

மிலானில் நடந்ததில் மிகவும் உறுத்துவது அந்த அவசரம்தான். சிசரோ தன் கடமை பற்றிய நூலில் ஒரு வழக்கைச் சொல்கிறார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியத்தோடு வருகிறார். இன்னும் பல கப்பல்கள் பின்னால் வருகின்றன என்பது அவருக்குத் தெரியும். அதை மறைத்து அதிக விலைக்கு விற்கலாமா? சட்டம் தடுக்கவில்லை, இருந்தாலும் மறைப்பது நேர்மையானவன் செயல் அல்ல என்பது சிசரோவின் தீர்ப்பு. நன்மையே தரும் ஆக்கமானாலும் நடுவுநிலை தவறி வந்தால் அன்றே கைவிட வேண்டும் என்று வள்ளுவரும் சொன்னார். காப்புச் சட்டம் விழித்துக்கொள்ளும் நாளைக் கணக்கிட்டு அதற்கு முன்பே பத்திரம் முடித்தவர்கள் எந்த விதியையும் மீறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். விதியின் நோக்கத்தை அவர்கள் மீறினார்கள். பொதுவாக்கெடுப்பு கேட்டுக் குரல் கொடுத்த குடிமக்களுக்கு அது கிடைக்கவும் இல்லை.

ரோமாபுரியைக் கி.மு. 390 வாக்கில் காலியர் எரித்துவிட்டுப் போனபின், சாம்பலில் எதற்கு வாழ வேண்டும், பக்கத்து வெயி நகருக்கே குடிபெயர்வோம் என்று மக்களில் பலர் முழங்கினார்கள். அப்போது எழுந்து பேசியவர் தளபதி கமில்லஸ். நம் வழிபாடும் நினைவும் இந்த மண்ணோடு கட்டுண்டவை, வேறெங்கோ தூக்கிக்கொண்டு போக முடியாதவை என்று அவர் வாதிட்டதை லிவி தன் வரலாற்றின் ஐந்தாம் புத்தகத்தில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மக்கள் தங்கினார்கள், நகரம் பிழைத்தது. அந்தச் சொல்லைக் கேட்காதவர்களுக்கு நேர்ந்ததற்கு லண்டனின் விம்பிள்டன் கால்பந்து கிளப் சாட்சி. 1988-இல் எஃப்.ஏ. கோப்பை வென்ற அந்தக் கிளப்பை, 2002 மே மாதம் மூவர் குழு அனுமதித்ததன் பேரில், அதன் உரிமையாளர்கள் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ரசிகர்கள் உடன் போகவில்லை. சில வாரங்களில் சொந்தமாக ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற கிளப்பைத் தொடங்கி, பொதுப் புல்வெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி, 2011-இல் தொழில்முறை லீக்குக்கு வந்தார்கள். 2020 நவம்பரில் பழைய இடத்துக்கு அருகிலேயே பிளாவ் லேனில் தங்கள் புதிய மைதானத்தையும் திறந்தார்கள்.

புதிய மைதானம் கட்டுவதே பாவம் என்பதல்ல வாதம். ஸ்பெயினின் பில்பாவ் நகர் அத்லெட்டிக் கிளப் தன் உறுப்பினர்களுக்கே சொந்தம். தலைவரை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1913-இல் திறந்த சான் மாமெஸ் மைதானத்தை அவர்கள் 2013-இல் விட்டு, ஒட்டியே எழுந்த புதிய சான் மாமெஸுக்குப் போனார்கள். பெயர் மாறவில்லை. பழைய கூரையைத் தாங்கிய வளைவு பயிற்சி மைதானத்தில் நிற்கிறது. முதன்முறை அங்கே ஆட வரும் அணியின் தலைவர் மலர் வைத்து வணங்கும் பிச்சிச்சியின் மார்பளவுச் சிலையும் கூடவே வந்தது. உரியவர்கள் தாங்களே தீர்மானித்ததால் அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

மிலானில் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. புதியது எழுந்து முடியும்வரை பழைய மைதானம் நிற்கும். அதற்குள் இரு கிளப்புகளும் தங்கள் சீசன் டிக்கெட்தாரர்களிடம் வெளிப்படையாக வாக்கெடுப்பு நடத்தட்டும். இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் இடங்களில் எத்தனை நாளையும் அதே விலைக்குக் கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி தரட்டும். இரண்டாம் அடுக்கையும் அதன் சரிவுப் பாதைகளையும் முழுமையாகக் காக்க முடியுமா என்பதை நகரத்தாரின் முன் வைத்து விவாதிக்கட்டும். இவற்றைச் செய்யும்வரை சான் சீரோவிலிருந்து ஓர் இருக்கையைக்கூடக் கழற்ற அவர்களுக்கு உரிமை இல்லை.