சித்திரையில் எண்ணுங்கள்

பசுவை விற்பவன் பாவி. பட்டினி கிடந்தாலும் கட்டிக் காப்பவன் புண்ணியவான் என்று நாம் எண்ணுகிறோம். இது சரிதானா?

சங்கரன்கோவில் வட்டாரத்துப் பனவடலிசத்திரம் மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் தழைக்கும். அந்தப் பச்சையைக் கண்டு மாடு சேர்ப்பது எளிது. சித்திரையில் அதே மாடு வெறும் தரையை முகர்ந்துகொண்டு நிற்கும்.

காங்கேயம் பக்கத்துக் குடியானவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். ஒரு காட்டில் மாடு மேயும்போது இன்னொன்று ஆறிக் கிடக்கும். புல் தாங்குகிற அளவே மாடு.

மிஞ்சியதை விற்றால் கசாப்புக்குப் போகாதா என்பீர்கள். கோடையில் எலும்பும் தோலுமாக விற்றால் அங்கேதான் போகும். தை மாதத்தில், மடி நிறைந்திருக்கும்போது கொடுத்தால், தீவனம் உள்ளவன் வளர்க்கவே வாங்குவான். தாமதம்தான் பாவம்.

தொழுவம் நிறைந்திருப்பது நம் பெருமைக்கு. வயிறு நிறைந்திருப்பதே மாட்டுக்கு வேண்டும். எத்தனை மாடு வளர்க்கலாம் என்ற கணக்கைக் கார்த்திகையில் போடாதீர்கள், சித்திரையில் போடுங்கள்.